பெரியவளின் பெயரில்

இவளுக்கு மட்டும் அக்காவின் முகம் வாய்க்காமல் இருந்திருந்தால், கேட்ட அந்த நிமிஷமே ஒரே வார்த்தையில் பதில் சொல்லி எழுப்பி அனுப்பியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள் சின்னவள். கண்ணும் மூக்கும்கூடப் பரவாயில்லை. கெஞ்சும்போது கீழுதட்டை ஒரு ஓரமாகக் கடித்துக்கொள்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த உதட்டைப் பார்த்து முடியாது என்று சொல்லித் தனக்குப் பழக்கமே இல்லை.

அக்கா மகள் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் இருந்த பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். சுகாதார நிலையத்தின் பின்பக்கத்து அறை அது. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, மூலையில் பச்சைத் திரை. மேஜைமேல் மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய்களும், உறை பிரிக்காத நீளப் பஞ்சுக் குச்சிகளும். வருகிற பெண்கள் திரைக்குப் பின்னால் போய், தங்களுக்குள் தாங்களே குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடிக் கொடுக்க வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் கிருமி இருக்கிறதா என்று நகரத்து லேபில் பார்த்துச் சொல்வார்கள். குழாயின் மேல் பெயரும் எண்ணும் எழுதிய லேபிளை ஒட்டுவது சின்னவளின் வேலை. எட்டு வருஷமாக அதையே செய்கிறாள். அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் அவளுக்குப் பெயரே லேபிளக்கா.

"நான் என்ன உன் சொத்தையா எழுதிக் கேக்கறேன்? என் குழாய்ல உன்னோடதப் போட்டுடு. உனக்குத்தான் போன மாசம் சுத்தம்னு வந்துச்சே" என்றாள் அக்கா மகள்.

"மெதுவாப் பேசுடி. வெளியில ஆளு இருக்கு."

"இதுக்கு மேல மெதுவாப் பேசினா எனக்கே கேக்காது சின்னம்மா."

வெளியே பெஞ்சில் இருந்த ஆள் அக்கா மகளின் மாமியார்தான். மருமகளோடு வந்து, காலை நீட்டி, பார்ப்பவர்களிடமெல்லாம் மூட்டு வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தது மூட்டு வலிக்காக அல்ல. இரண்டு மாதத்துக்கு முன்பு மருமகளின் தலையணைக்கடியில் ஒரு மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். அதை மருந்துக் கடையில் காட்டி என்ன மாத்திரை என்று விசாரித்தும்விட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். அக்கா மகளின் புருஷன் மர லோடு லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் ரோட்டில். ஒரு தடவை திரும்பி வந்தபோது மூத்திரம் போக எரிச்சல் என்று அவனாகவே ஏதோ ஊசி போட்டுக்கொண்டான், யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் இவளுக்கு அடிவயிற்று வலியும் வெள்ளையும். டாக்டரம்மா பார்த்து, இது உடலுறவில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது, இரண்டு பேரும் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக் கொடுத்தாள். சரியாகவும் ஆகிவிட்டது. ஆனால் ஒரு தொற்று வந்த இடத்தில் இந்தக் கிருமியும் இருக்கலாம், அதையும் பார்த்துவிடு என்று சொல்லியனுப்பியிருந்தாள். இன்றைக்கு அதற்கான நாள்.

"என் புள்ளைக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்குது கிழவி. நான் வீட்டுலயே கிடக்கறவ, நான் குடுத்தேனாம். ரோட்டுல கிடக்கறவன் உத்தமனாம். இந்தப் பரிசோதனைக் காகிதத்தப் பாத்துட்டு முடிவு பண்றேன்னு வந்து உக்காந்திருக்கு. கிருமி இருக்குன்னு வந்துச்சுன்னா, ரெண்டு புள்ளைங்களையும் கையில குடுத்து அம்மா வீட்டுக்குப் போன்னுடுவாங்க. எனக்கு அம்மா வீடு எங்க இருக்கு?"

"ஏன், என் வீடு என்ன சத்திரமா?"

"நீயே ஒத்தக் கட்டில்ல கிடக்கற. நாங்க மூணு பேரும் வந்தா நீ கூரையிலதான் தொங்கணும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே சிரிக்கிற சிரிப்பு. அதுவும் அக்காவுடையது. சின்னவள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, ஒன்றும் எழுதாமல் மறுபடி மூடினாள்.

அந்த நாட்களில் அக்கா அவளுக்கு அக்கா மட்டுமில்லை, பாதி அம்மா. அவர்களுடைய ஆட்களைக் காட்டிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து வரிசை வீடுகளில் வைத்த பிறகு, பெண்களுக்கெல்லாம் வனத்துறை நாற்றுப்பண்ணையில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். அதே காட்டில் நடுவதற்குக் கன்று வளர்க்கிற வேலை. "நம்மள இறக்கிட்டு மரத்த ஏத்துறாங்கடி" என்பாள் பெரியவள். மண்ணைச் சலித்து, மணலும் மக்கிய எருவும் கலந்து, கறுப்புப் பைகளில் அடைக்க வேண்டும். பையின் வாய் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாரும் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பிரிப்பார்கள், பெரியவள் வாயருகே வைத்து ஒரே ஊதலில் திறந்துவிடுவாள். ஊதிவிட்டுப் பக்கத்தில் இருப்பவளின் காதிலும் ஒரு ஊதல். காலை வெயில் நிழல் வலையில் சல்லடையாக இறங்கும். நனைந்த மண்ணின் வாசனை தலைமுடிவரை ஏறியிருக்கும், குளித்தாலும் போகாது. இப்போதுகூட மழைக்கு முன்னால் எங்கிருந்தாவது அந்த வாசனை வந்தால் சின்னவளுக்குக் கட்டை விரல் நகத்துக்குள் ஊறுவதுபோல இருக்கும்.

பண்ணை மேற்பார்வையாளருக்கு அவர்கள் வைத்த பெயர் பேனா. காதில் சொருகியிருக்கும். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் தலையைத் தூக்காமல் பெயர்களைக் கூப்பிடுவான். குரல் வந்தால் ஒரு கோடு. "உங்க ஆளுங்க எல்லாம் ஒரே அச்சு. யாரு யாருன்னு எவனுக்குத் தெரியும்?" என்று முதல் நாளே சொன்னான். விளையாட்டாகத்தான் சொன்னான். அன்றைக்குப் பெண்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பெரியவள் ஒரு சாண் உயரம் கூட. நிறமும் கறுப்பு. சின்னவள் மாநிறம், குட்டை, முன்பல் எடுப்பு. கண் இருக்கிறவன் எவனும் மாற்றிச் சொல்ல மாட்டான்.

ஒரு வாரம் கழித்துப் பெரியவள் சொன்னாள்: "அவனுக்குக் கண்ணு வேணாம்னா நமக்கென்னடி நஷ்டம்?"

அதிலிருந்து ஆரம்பித்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பெரியவள் வராத நாளில் சின்னவள் இரண்டு பெயருக்கும் குரல் கொடுத்தாள், ஒன்றுக்கு மெல்லிசாக, மற்றதற்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு. ஒருத்தி இரண்டு ஆள் பைகளை அடைத்துத் தள்ளுவாள். மற்ற பெண்களும் கற்றுக்கொண்டார்கள். ஒரு நாள் ஆறு பேர் வராமல் இருந்தும் பதிவேட்டில் ஆள் குறையவில்லை. சின்னவள் தையல் வகுப்புப் பரீட்சைக்குப் பயந்து நடுங்கியபோது அவள் பெயரில் போய் உட்கார்ந்து பாவாடை தைத்துவிட்டு வந்தவள் பெரியவள். சான்றிதழில் ஒட்டியிருந்தது சின்னவளின் போட்டோ, ஒருவரும் கேட்கவில்லை. "பாத்தியா, நம்ம மூஞ்சி நமக்குப் பூட்டு மாதிரி. சாவி அவனுங்ககிட்ட இல்ல" என்று சொல்லி மண் அப்பிய கையால் சின்னவளின் மூக்கைத் திருகினாள். எத்தனை சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பைச் சின்னவள் அதற்குப் பிறகு சிரித்ததில்லை.

ஒரு நாள் பண்ணை வாசலில் வெள்ளை வேன் வந்து நின்றது. பெண்களுக்கான பரிசோதனை, கட்டாயம், போகாதவளுக்கு அன்றைக்கு வருகை இல்லை என்று பேனா அறிவித்தான். பெரியவள் கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தாள்.

அவளுக்கு ஏற்கெனவே ஒரு அனுபவம் இருந்தது. புருஷன் மரம் வெட்டுகிற வேலைக்கு வெளியூர் முகாம்களில் தங்கி வந்தவன். அவனால் வந்த தொற்றுக்கு அவள் மருத்துவமனைக்குப் போயிருந்தாள். கால்களை விரித்துப் படுத்திருந்தபோது, திரையையும் சரியாக இழுக்காமல், அங்கிருந்த நர்ஸ் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க, "உங்க ஆளுங்களுக்கு இதே பொழப்பா?" என்று கேட்டாள். பெரியவள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், இனிச் செத்தாலும் அந்த மேஜையில் ஏறிப் படுக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

வேன் வந்த அன்றைக்குச் சின்னவள் தன் பெயரில் போய்ப் படுத்து வந்துவிட்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் பெரியவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். கீழுதட்டைக் கடித்தாள்.

"என் பேருலயும் நீயே போயிட்டு வாடி."

"அய்யோ, இப்பதான பாத்தாங்க என்னை!"

"பாத்தாங்களா? உன் மூஞ்சியப் பாத்தாங்களா?"

பார்க்கவில்லைதான். சின்னவள் அக்காவின் தலைத் துண்டை வாங்கிக் கட்டிக்கொண்டு, அக்காவின் அட்டையை நீட்டிக்கொண்டு இரண்டாம் தடவை ஏறினாள். நர்ஸ் அதே வரிகளை அதே தொனியில் சொன்னாள்: இடுப்பைத் தளர்த்து, மூச்சை விடு, அவ்வளவுதான். "லேசா ரத்தம் கசியுதே, ஏற்கெனவே யாராவது பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள். சின்னவள் இல்லை என்றாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள். சாயங்காலம் வீடு திரும்புகிற வழியெல்லாம் பெரியவள் நிற்க முடியாமல் சிரித்தாள். "ஒரே நாள்ல ரெண்டு தடவ படுத்தவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி!" அன்று ராத்திரி தன் பங்குக் குழம்பு முழுவதையும் தங்கையின் தட்டில் ஊற்றினாள். மாதவிலக்குக்கு நடுவிலும் தனக்கு இரண்டு மூன்று நாள் ரத்தம் படுகிறது என்பதைச் சொல்லவில்லை.

இரண்டு காகிதங்கள் வந்தன. இரண்டிலும் நார்மல்.

கதவு லேசாகத் திறந்தது. டாக்டரம்மா தலையை மட்டும் நீட்டினாள். "என்ன லேபிளக்கா, இன்னும் பொண்ணு பாக்குற படலம் முடியலையா?"

நிலையத்தில் எல்லாரும் செய்கிற கேலி அது. குழாயில் பெயர் எழுதுவதற்கு முன்னால் சின்னவள் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பாள், பெயரைக் கேட்பாள், அம்மா பெயரைக் கேட்பாள், மறுபடி முகத்தைப் பார்ப்பாள். ஒரு லேபிளுக்கு இவ்வளவு நேரமா என்று மற்றவர்கள் அலுத்துக்கொள்வார்கள். இங்கே முதலில் தரை துடைக்கத்தான் சேர்ந்தாள். இந்தப் பரிசோதனை ஆரம்பித்த அன்று, லேபிள் வேலையைத் தனக்குத் தரச் சொல்லித் தானாகவே போய்க் கேட்டாள். அதுவரை அவள் எதையும் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

"ஆச்சு டாக்டரம்மா, இதோ."

டாக்டரம்மா அக்கா மகளைப் பார்த்தாள். "பயப்படாதம்மா. இந்தக் கிருமி வராத பொம்பளைங்களை விரல் விட்டு எண்ணிடலாம். நிறைய பேருக்குத் தானா வந்து தானா போயிடும். போகாம தங்கினா, அந்த இடத்தைச் சுட்டு எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுவேன். உங்க ஆளுங்கள்ல இந்தப் புத்துநோய் அதிகம்னு எல்லாரும் எழுதறாங்க. அது ரத்தத்துல இல்ல, நீங்க எங்ககிட்ட வந்து சேர்ற நேரத்துல இருக்கு. அந்த நேரத்தை இழுத்தடிச்சதுல எங்களுக்கும் பங்கு உண்டு." கதவு மூடிக்கொண்டது.

அக்கா மகள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. அவங்க மாமியாரா வெளியில உக்காந்திருக்கு?" பிறகு குரலை இறக்கினாள். "அம்மாவுக்குச் செஞ்சல்ல சின்னம்மா?"

சின்னவள் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காத. பண்ணைக்கு வேன் வந்தப்ப, அம்மா துண்டக் கட்டிக்கிட்டு ரெண்டாவது தடவ போனியே. அம்மா எத்தனை தரம் சொல்லியிருக்கா தெரியுமா? கடைசியில படுக்கையில கிடந்தப்பகூடச் சொல்லிச் சிரிச்சா. உன் சின்னம்மா எனக்காக எதையும் மாட்டேன்னு சொன்னதே இல்ல, நான் போனப்புறம் உனக்கும் சொல்ல மாட்டான்னு சொன்னா."

பன்னிரண்டு வருஷமாகத் தனக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரியும் என்று சின்னவள் நினைத்திருந்தது, இந்தப் பெண்ணிடம் திரும்பத் திரும்பச் சொன்ன கதையாக இருந்திருக்கிறது. அதிலும் அக்கா சிரிப்பை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மற்றதை வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மற்றது நகரத்து ஆஸ்பத்திரியில் நடந்தது. வேன் வந்துபோய் மூன்று வருஷம் கழித்து. பெரியவள் பாதியாக இளைத்திருந்தாள், புடவை நனைகிற அளவுக்கு ரத்தம். பெரிய டாக்டர் பழைய காகிதத்தைப் புரட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "மூணு வருஷம் முன்னாடி எடுத்ததுல நார்மல்னு இருக்கே. இது வருஷக்கணக்கா மெதுவா வளர்றது. அப்பவே ஏதாவது தெரிஞ்சிருக்கணும். அப்ப பாத்திருந்தா ஒரு சின்ன சிகிச்சையில முடிஞ்சிருக்கும்." சொல்லலாம் என்று சின்னவள் வாயைத் திறந்தாள். மேஜைக்கடியில் பெரியவளின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பை பையாக மண் அடைத்த அந்தக் கட்டை விரல் எலும்பில் இறங்குகிற மாதிரி அழுத்தியது. "எங்க ஆளுங்க உடம்பு அப்படித்தான் டாக்டர், திடீர்னு வந்துடும்" என்றாள் பெரியவள், சிரித்துக்கொண்டே. டாக்டரும் தலையாட்டி எழுதிக்கொண்டார். அவருக்கும் அது நம்பும்படியாகத்தான் இருந்தது.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது சின்னவள் அழுதாள். "ஏன்க்கா என்னைச் சொல்ல விடல?" என்று கேட்டாள். "சொன்னா நோயி திரும்பிப் போயிடுமா? உன்னத்தான் திட்டுவாங்க. எனக்கு அது வேணாம்" என்றாள் பெரியவள். ஏழு மாதம் இருந்தாள். ஒரு தடவைகூட, ஒரு பார்வையால்கூட, தங்கையைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சின்னவளுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"என்ன சின்னம்மா, பேச மாட்டேங்கற?"

சின்னவள் நாற்காலியை இழுத்து அக்கா மகளின் முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். "உங்கம்மா அதோட நிறுத்திட்டாளா? மீதியச் சொல்லலையா?"

"என்ன மீதி?"

"அன்னிக்கு அவளுக்கு அது உள்ள இருந்துச்சுடி. வேன் வந்த அன்னிக்கே இருந்துச்சு. என் உடம்புல இல்லாதது, அவ பேருல இல்லேன்னு வந்துச்சு. அந்தக் காகிதத்தப் பெட்டிக்குள்ள வெச்சிட்டு மூணு வருஷம் சும்மா இருந்தா."

வெளியே மாமியார் யாரிடமோ முழங்காலுக்கு என்ன எண்ணெய் தடவுகிறாய் என்று கேட்பது தெளிவாகக் கேட்டது.

"அம்மாவுக்கு அப்புறமா வந்ததுன்னு நெனச்சேன்" என்றாள் கடைசியில். அவள் கை பையை விட்டுவிட்டுச் சின்னவளின் கையைத் தேடியது. கோபத்தோடு தேடியதா, ஆறுதலுக்குத் தேடியதா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. கொடுத்தாள்.

"தெரிஞ்சா செஞ்ச?"

"தெரியாது. தெரியாமத்தான் செஞ்சேன். விளையாட்டா செஞ்சோம் ரெண்டு பேரும்."

சின்னவள் எதிர்பார்த்தது ஒரு கத்தல், ஒரு வசவு. ஒன்பது வருஷமாக அதற்கு முதுகைக் காட்டித் தயாராக இருந்தவள். ஆனால் அக்கா மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பழைய இடத்துக்கே வந்தாள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு அன்றன்றைக்குப் பயப்பட ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

"எனக்கு இன்னும் ஒண்ணும் வரல சின்னம்மா. ரத்தம் கித்தம் எதுவும் இல்ல. இந்த ஒரு தடவ மட்டும். கிழவி ஊருக்குப் போனதும் நானே வந்து என்னோடதக் குடுக்கறேன். சத்தியமா. ரெண்டு மாசம். ரெண்டு மாசத்துல என்ன ஆயிடப் போகுது?"

இரண்டு மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது என்பது சின்னவளுக்கு நன்றாகத் தெரியும். சுத்தம் என்று ஒரு காகிதம் கைக்கு வந்த பிறகு அந்த இரண்டு மாதம் முடியவே முடியாது என்பதும் தெரியும். அக்காவும் அப்படித்தான் சொல்லியிருந்தாள், மழைக்காலம் போகட்டும், தனியாகப் போய்க் காட்டிக்கொள்கிறேன் என்று. எத்தனை மழைக்காலம் போனது.

"உன் மாமியார்கிட்ட நான் பேசறேன். டாக்டரம்மாவயும் பேச வெக்கறேன். யாருகிட்டயிருந்து யாருக்கு வந்துச்சுன்னு அவ புள்ளையவும் கூட்டிட்டு வரச் சொல்லிக் கேப்போம். அதுக்கப்புறமும் போன்னு சொன்னா என் வீட்டுக்கு வா. நான் கூரையில தொங்கிக்கறேன்."

"அதெல்லாம் பேச நல்லாருக்கு" என்றாள் அக்கா மகள். "நான் கேக்கறது ஒரு குச்சி. ஒரே ஒரு குச்சி."

சின்னவள் லேபிள் தாளை இழுத்து வைத்தாள். அக்கா மகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பெயரை எழுதினாள். அம்மா பெயர் என்ற இடத்தில் கேட்காமலே எழுதினாள். காலியான குழாயில் அதை ஒட்டி, கட்டை விரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்து, ஒரு குச்சியோடு சேர்த்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

அக்கா மகள் அதைத் தொடவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சின்னவளையே பார்த்தாள்.

"அம்மாவா இருந்தா எனக்காகச் செஞ்சிருப்பா."

"ஆமாடி" என்றாள் சின்னவள். "அவ செஞ்சிருப்பா. நான் மாட்டேன்."